கல்லிடம் கேட்ட பிள்ளைவரம்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலை என்பது புவியியல் புத்தகத்தில் படித்த ஒரு விடயம்தான். கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, மலைதான் இல்லை. நிலத்துக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கல்லே. கிணறு வெட்டும்போது வெளியே வரும் அந்த வெள்ளைக் கல்லைத்தான் நாங்கள் கல் என்று அறிந்தோம். கருங்கல் எங்களுக்கு வெளியிலிருந்து வந்த பொருள். அது அம்மியாக வந்தது, ஆட்டுக்கல்லாக வந்தது, கோவில் மூலஸ்தானத்துக்கு விக்கிரகமாக வந்தது. வருடக்கணக்காக அரைத்தால் அந்தக் கருங்கல்லும் வழுவழுவென்று தேய்ந்துவிடும். பிறகு அம்மி கொத்துகிறவர் உளியோடு வருவார். கல்லும் தேயும் என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் எந்த விஞ்ஞானப் பாடமும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் அறுபதாவது வயதில், முழங்கால் நோவோடு, ஒரு கருங்கல் மலையின் உச்சிவரை ஏறினேன். உயரம் 338 மீற்றர். நுவரெலியாப் பக்கத்துச் சகோதரிகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அது எவரெஸ்ட்தான்.

என் கடைசி மகள் தென்கொரியாவின் தலைநகரான சியோலில், இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் நிலத்தடி நீரையும் பற்றி மேற்படிப்புப் படிக்கிறாள். மேரி ஸ்க்ரான்டன் என்ற அமெரிக்க மிஷனரி அம்மையார் 1886 இல் ஒரேயொரு மாணவியோடு தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று அத்தனை பெரிய பல்கலைக்கழகமாக நிற்கிறது. மகள் அதைப் பெருமையாகச் சொன்னபோது, எங்கள் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் 1824 இலேயே தொடங்கிவிட்டது என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொல்லிவைத்தேன். 2024 ஒக்டோபரில் அவளிடம் போய் மூன்று கிழமை நின்றேன். அவளுடைய புலமைப்பரிசில் பணத்தில் மிச்சம் பிடித்து எனக்கு விமானச் சீட்டு எடுத்திருந்தாள்.

சியோல் மலைகளுக்கு நடுவே கட்டிய நகரம். பழைய அரண்மனையான கியோங்பொக்குங்கின் முற்றத்தில் நின்று மேற்கே பார்த்தால், கூரைகளுக்கு மேலே ஒரு வெண்மையான பாறை முதுகு எழுந்து நிற்கும். அதுதான் இன்வாங் மலை. ஒரு காலத்தில் அங்கே புலிகள் திரிந்தனவாம். இப்போது விளையாட்டுச் சப்பாத்துப் போட்ட இளம்பிள்ளைகள் மாலை வேலை முடிந்து ஏறி, இரவு விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். ஜொங் சொன் என்ற ஓவியர் 1751 இல், தமது 75 ஆவது வயதில், மழை ஓய்ந்த வேளையில் இந்த மலையை மையினால் வரைந்தார். வெண்மையான பாறையை அவர் கன்னங்கரேலென்று வரைந்திருக்கிறார். மழையில் நனைந்த கருங்கல்லைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அந்த ஓவியம் 2021 முதல் அந்த நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருக்கிறது.

கொரிய மொழியில் பாறைக்குப் பெயர் என்ன தெரியுமா? எங்கள் காதுக்கு அது ‘பாவி’ என்றே கேட்கிறது. புலிப் பாறை ‘பொம் பாவி’. பாவாடைப் பாறை ‘ச்சிமா பாவி’. தியானப் பாறை ‘சொன் பாவி’. மகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்ட நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அம்மாவும் அப்பாவும் அவர்களுக்கு ‘ஒம்மா’, ‘ஆப்பா’. இத்தனை நெருக்கமான சொற்களுக்கு நடுவே பாறை மட்டும் ஏன் பாவியாகிப் போயிற்றோ! எங்கள் ஊரில் பாவி என்பது வசவு மட்டுமல்லவே. ‘பாவி, அவளுக்கு மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள்’ என்று இரக்கப்படுகிறவர்களும் அந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள். என்னைப் பற்றியும் எடுத்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை வெள்ளனவே வெளிக்கிட்டோம். நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ‘சுதந்திர வாயில்’ என்ற தரிப்பிடத்தில் இறங்கினோம். பக்கத்திலேயே ஜப்பானியர் காலத்துச் சிறைச்சாலை இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். யூ குவான்சுன் என்ற 17 வயது மாணவி 1920 இல் உயிர்விட்டது அங்கேதான். மகளின் பல்கலைக்கழகம் பள்ளிக்கூடமாக இருந்த நாளில் அங்கே படித்தவள். மகள் அந்தச் செங்கல் மதிலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிக் குடியிருப்புகளுக்கு ஊடாக ஏறத் தொடங்கினோம். ஐந்து நிமிடம் நடக்க நகரத்தின் சத்தம் அடங்கி, எங்கோ மேளச் சத்தம் கேட்டது.

அது குக்சாதாங் என்ற ஆலயம். மரத்தாற் கட்டிய சின்னஞ்சிறிய இடம். முன்பு சியோலின் தெற்கு மலையில் இருந்தது. ஜப்பானியர் அங்கே தங்கள் பெரிய வழிபாட்டிடத்தைக் கட்டியபோது, 1925 இல் இதை இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்களாம். இங்கே சடங்கு செய்கிறவர்கள் ‘மூதாங்’ எனப்படுவோர். பெரும்பாலும் பெண்கள். உருவந்து ஆடுவார்கள், குறி சொல்வார்கள், செத்தவர்களின் குரலில் பேசுவார்கள். எங்கள் ஊர்க் கலையாட்டம் நினைவுக்கு வந்தது. உள்ளே எட்டிப் பார்ப்பது மரியாதையல்ல என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். படைத்திருந்த பழங்களையும் பன்றித் தலையையும் மட்டும் கண்டேன்.

அதற்குச் சற்று மேலே சொன் பாவி.

எழுத்தில் எப்படிச் சொல்வது? முக்காடு போட்ட ஒருவர் முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது போன்ற ஒரு பெரும்பாறை. புத்த பிக்கு அங்கி போர்த்து நிற்கிறார் என்று அந்த நாட்டார் சொல்கிறார்கள். அருகே போனால் அங்கியெல்லாம் இல்லை, முழுவதும் குழிகள். கண்ணைப் போல, காதைப் போல, வாயைப் போல, ஆள் புகுந்து உட்காரக்கூடிய அறையைப் போல. சில இடங்களில் கல் மெலிந்து மெலிந்து தூணைப் போல நிற்கிறது. அந்தக் குழிகளில் புறாக்கள் இருந்தன. என் கண்ணுக்குப் பிக்கு தெரியவில்லை. ஊரில் தெருவோரத்தில் ஈரச் சீலையைப் போர்த்துக்கொண்டு நிற்கும் கிழவி ஒருத்தி தெரிந்தாள்.

“இது ஏன் இப்பிடி ஓட்டையாய்ப் போச்சு?” என்றேன். மகளுக்கு இது படித்த பாடம் அல்லவா, தொடங்கிவிட்டாள்.

பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகும்போதுதான் இந்தக் கருங்கல் உண்டாகிறதாம். இந்த மலைக்கல் இறுகியது ஜுராசிக் காலத்தில், ஏறக்குறைய 17 கோடி ஆண்டுகளுக்கு முன். மேலே கிடந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் அரித்துப் போகப் போக, அமத்திக்கொண்டிருந்த பாரம் குறைந்தது. பாரம் குறைய கல் விரிந்தது, விரிய வெடித்தது. வெங்காயம் உரிவதைப் போலத் தகடு தகடாக உரிகிறது. அதனாற்றான் மலையின் முதுகு அத்தனை மழமழவென்று வளைந்து கிடக்கிறது.

குழிகளின் கதை வேறு. இந்தக் கல்லில் மூன்று வகைத் துணிக்கைகள் உண்டு: கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெள்ளையும் இளஞ்சிவப்புமான பெல்ஸ்பார், மினுங்கும் மைக்கா. மழைநீர் பட்டுப் பட்டு பெல்ஸ்பார் மெதுவாகக் களிமண்ணாக மாறிவிடும். பிடித்துக்கொண்டிருந்தது போக, குவார்ட்ஸ் மணலாய் உதிரும். எங்கள் காலுக்குக் கீழே சறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பருமணல் மலையிலிருந்து உதிர்ந்ததுதான். ஒரு முறை சிறு குழி விழுந்துவிட்டால் அதற்குள் வெயில் படாது, ஈரம் காயாது, ஈரத்தோடு வரும் உப்பு உள்ளே படிந்து மணியாகிக் கல்லை நெம்பும். எனவே வெளியைவிட உள்ளே கூடுதலாக அரிக்கும். வாய் சிறிதாகவும் வயிறு பெரிதாகவும் குழி வளரும். ‘டஃபோனி’ என்று அதற்குப் பெயராம்.

“வெளியிலை உரமாய்த்தான் தெரியும் அம்மா. உள்ளுக்குத்தான் கரையும்” என்றாள்.

இந்தப் பாறையைப் பற்றி ஒரு கதையும் இருக்கிறது. 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சியோலைத் தலைநகராக்கி மதில் கட்டியபோது, பாறை மதிலுக்கு உள்ளே வரவேண்டும் என்று மூஹாக் என்ற பிக்கு கேட்டாராம். கன்பூசியஸின் வழிவந்த மந்திரியான ஜொங் தோஜொன், வெளியேதான் இருக்கவேண்டும் என்றாராம். ஒரு காலை பனி பெய்திருந்தது. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் பனி கரைந்துவிட்டது, அந்தப் பக்கம் கரையவில்லை. அரசன் அதையே எல்லையென்று தீர்த்துவிட, பாறை வெளியே போயிற்று. கதை உண்மையோ பொய்யோ, பாறை இன்றும் மதிலுக்கு வெளியேதான் நிற்கிறது. அரண்மனையும் மந்திரிகளும் உள்ளே. மேளமும் பிள்ளைவரம் கேட்கும் பெண்களும் வெளியே.

பிள்ளைவரம் என்றேன் அல்லவா? சொன் பாவியின் இன்னொரு பெயருக்கு ‘மகனை வேண்டும் பாறை’ என்று பொருள். நூற்றாண்டுகளாகப் பெண்கள் இங்கே வந்து ஆண்பிள்ளை கேட்டிருக்கிறார்கள். மலையின் மறுபக்கத்திலுள்ள புஆம்தோங் என்ற ஊரிலும் அப்படி ஒரு பாறை இருந்ததாம். ஒரு சிறு கல்லை எடுத்து, தன் வயது எத்தனையோ அத்தனை முறை பாறையில் தேய்க்கவேண்டும். கையை விட்டதும் கல் ஒட்டிக்கொண்டு நின்றால் மகன் பிறப்பான். தேய்த்துத் தேய்த்தே பாறை குழி குழியாகிவிட்டதாம். மழை அரித்தது பாதி, பெண்கள் அரித்தது பாதி. தெருவை அகலமாக்கியபோது அந்தப் பாறையை அகற்றிவிட்டார்கள். ஊர்ப்பெயரில் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது.

பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1990 இல் அந்த நாட்டில் 100 பெண்குழந்தைகளுக்கு 116.5 ஆண்குழந்தைகள் பிறந்திருக்கின்றன. இயற்கையாக 105 அளவில்தான் இருக்கவேண்டும். வயிற்றில் இருப்பது பெண் என்று ஸ்கேனில் தெரிந்ததும் கலைத்துவிடுவார்கள். வைத்தியர்கள் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாதென்று 1987 இலேயே சட்டம் போட்டும் நிற்கவில்லை. 1993 இல் மூன்றாவது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 100 பெண்களுக்கு 200 க்கு மேல் ஆண்கள். அதாவது முதல் இரண்டும் பெண்ணாகிவிட்டால் மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை உலகத்தைப் பார்ப்பதே அரிதாக இருந்திருக்கிறது. என் மூன்றாவது பெண்பிள்ளை 1996 இல் பிறந்தவள். இந்தக் கணக்கை அவளே எனக்குச் சொன்னாள்.

அன்றைக்கு அந்தப் பாறையின் முன்னால் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். என் வயதுள்ள ஒருத்தி கைகூப்பி, மண்டியிட்டு, நெற்றி நிலத்தில் பட விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்தாள். நான் இருபதுவரை எண்ணினேன். அவளுக்கு முழங்கால் நோகாதா என்பதே என் முதல் நினைப்பு. இப்போது இங்கே ஆண்பிள்ளை கேட்கிறவர்கள் அருமை என்று மகள் சொன்னாள். பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு முன் தாய்மார் வருகிறார்களாம். மகனுக்கு வேலை, மகளுக்குக் கலியாணம், பேரப்பிள்ளை ஒன்று வேண்டும், ஆணோ பெண்ணோ ஒன்று. 2023 இல் அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளை என்ற அளவுக்குப் பிறப்பு குறைந்துவிட்டது.

திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், மலையோரத்து மரத்தில் சின்னச்சின்னத் தொட்டில்கள் தொங்கும். நானும் மகளும் அங்கே போயிருக்கிறோம். அப்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. அறியாத ஊரில், அறியாத மொழி பேசும் பெண்களுக்கு நடுவில் நின்றபோதுதான் கேட்டாள்.

“அம்மா, நான் வயித்துக்குள்ளை இருக்கேக்கை நீங்களும் ஆம்பிளைப் பிள்ளை வேணுமெண்டு நேர்ந்தனீங்களோ?”

அவளுக்கு 28 வயது. இத்தனை காலமும் அந்தக் கேள்வி எங்கே இருந்தது?

அங்கிருந்த மரவாங்கில் இருவரும் உட்கார்ந்தோம். நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் கால் வைக்க இடமில்லை. மூத்தவளுக்கு ஆறு வயது, அடுத்தவளுக்கு மூன்று. எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். மாமி ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் பெரியவளுமாக வந்தா. இவர் சைக்கிளில் சாமான்களைக் கட்டி உருட்டினார். சின்னவள் அதன் மேலே. கொடிகாமத்துக்கு அண்மையில் ஒரு பாடசாலையின் வகுப்பறையில் எட்டுக் குடும்பங்களோடு இருந்தோம். பாடசாலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்மன் கோவில். கோவிலில் ஒரு வேம்பு.

மாமி தன் சீலையின் தலைப்பில் ஒரு முழம் கிழித்தா. அதற்குள் ஒரு கல்லை வைத்துத் தொட்டிலாகக் கட்டி வேம்பில் தொங்கவிட்டா. கல்தான் பிள்ளை, அதுதான் முறை. “ஆத்தை, இந்த முறையாவது ஒரு ஆம்பிளைப் பிள்ளையைக் குடு” என்று உரத்துச் சொன்னா. என்னையும் கும்பிடச் சொன்னா. நானும் கும்பிட்டேன்.

“என்னெண்டு கும்பிட்டனீங்கள்?”

“ஷெல் விழாத ஒரு நாளிலை பிறக்கவேணும், மருத்துவிச்சி ஒராள் பக்கத்திலை இருக்கவேணும் எண்டு கும்பிட்டன். ஆணா பெண்ணா எண்டு நினைக்க எனக்கு அப்ப நேரமிருக்கேல்லை, பிள்ளை.”

மாசியில் அவள் பிறந்தாள். மருத்துவிச்சி இருந்தார். பெண் என்று கேட்டதும் மாமி ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டா. ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் அந்தச் சீலைத் துண்டு இருந்தது. வேம்பிலிருந்து அவிழ்த்து, கிணற்றடியில் அலம்பிப் பிழிந்து கொண்டுவந்திருந்தா. துணிக்கு அத்தனை பஞ்சம். பிள்ளைக்கு விரிக்க வேறென்ன இருந்தது? அந்தத் துண்டில்தான் இவளை முதலில் சுற்றினோம்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருதரம் திரும்பிப் பார்த்தா.

“அப்ப அப்பம்மா நேர்த்தியைத் திருப்பி எடுத்துப்போட்டா! கல்லை என்ன செய்தவ?”

“ஆருக்குத் தெரியும்? அடுப்புக்கல்லாய் வைச்சிருப்பா.”

சிரித்தவள் சிறிது நேரத்தில் பேசாமல் இருந்தாள். அவள் நினைப்பது எனக்குத் தெரியும். 2019 இல் இவர் மோசம் போனபோது, மூன்று பெண்பிள்ளைகளும் தலைமாட்டில் இருந்தார்கள். மருந்துக்கும் மாத்திரைக்கும் ஓடினது அவர்கள். கடைசி மாதங்களில் தகப்பனைத் தூக்கிக் குளிக்க வார்த்தது இவள். ஆனால் கொள்ளிக்குடம் தூக்கியது ஒரு பெறாமகன். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஐந்து வருடமாக எங்கள் வீட்டுப் படலையைத் திறக்காதவன், அவ்வளவுதான். “நான் வைக்கிறன்” என்று இவள் கேட்டாள். பெரியவர்கள் அது வழக்கமில்லை என்றார்கள். பெண்கள் படலையோடு நிற்கவேண்டும் என்றார்கள். இவள் படலையில் நின்றாள். பறைச் சத்தம் சந்தி திரும்பி மறையும் வரைக்கும் நின்றாள்.

மேலே ஏறினோம். மதிலோரமாகப் படிகள். 1396 இல் கட்டத் தொடங்கிய மதில், மொத்தம் 18 கிலோமீற்றருக்கு மேல். அடியில் உள்ள கற்கள் கரடுமுரடாகவும் மேலே பிற்காலத்தில் அடுக்கியவை சதுரமாகவும் இருக்கின்றன. எல்லாம் அதே வெண்ணிறக் கருங்கல். புலிப் பாறையைத் தாண்டும்போது என் முழங்கால் என்னோடு கோபித்துக்கொண்டது. இரண்டு இடத்தில் இருந்தேன். என்னைவிட மூத்த கொரியப் பெண்கள், தொப்பியும் தடியுமாக, கடலை வாங்கப் போகிறவர்களைப் போலக் கதைத்துக்கொண்டு ஏறிப் போனார்கள். ஒருத்தி நின்று என் கையில் ஒரு தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போனா.

உச்சியில் ஆளுயரத்துக்குச் சற்று மேலான ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்று படமெடுக்க ஒரு வரிசை. நான் கீழேயே நின்றுகொண்டேன். வடக்கே புக்ஹான் மலையின் சிகரங்கள், 836 மீற்றர், அவையும் மொட்டைக் கருங்கல்லே. கிழக்கே பழைய அரண்மனை, தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல. எங்கள் காலுக்குக் கீழே அரண்மனையைப் பார்த்தபடி சரிந்து கிடந்தது ச்சிமா பாவி, பாவாடைப் பாறை. முதல்நாள் அரண்மனையிலிருந்து பார்த்தபோது அதில் நீர் வழிந்த கறுப்புக் கோடுகள் பாவாடை மடிப்பைப் போலத் தெரிந்தன.

அதற்கும் ஒரு பெண்ணின் கதை. 1506 இல் ஒரு கூட்டம் கொடுங்கோல் மன்னனை இறக்கிவிட்டு அவன் தம்பியை அரசனாக்கியது. தம்பியின் மனைவியுடைய தகப்பன் அந்தச் சதியில் சேரவில்லை. அவரைக் கொன்றுவிட்டார்கள். கொல்லப்பட்டவருடைய மகள் அரசியாக இருந்தால் நாளைக்குப் பழிவாங்குவாள் என்று பயந்து, ஏழே நாளில் அவளை அரண்மனையிலிருந்து துரத்தினார்கள். புது அரசன் ஒன்றும் பேசமுடியாமல் நின்றான். பிறகு தினமும் மாடத்தில் ஏறி அவள் இருக்கும் திசையைப் பார்ப்பானாம். அதை அறிந்து அவள் தன் பாவாடையை இந்தப் பாறையில் விரித்து வைத்தாளாம், அவன் கண்ணுக்குத் தெரியட்டுமென்று. பாவாடை கதையாக இருக்கலாம், ஏழு நாள் வரலாறு. பிள்ளையில்லாமல் 1557 வரை உயிரோடு இருந்தாள். 1739 இல்தான் அரசி என்ற பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், செத்து 182 வருடம் கழித்து. எனக்கு அந்த அரசன்மேல் இரக்கம் வரவில்லை. மாடத்திலிருந்து பார்ப்பதற்கு அரசனா வேண்டும்? அதே பாறையில் ஜப்பானியர் 1939 இல் பெரிய எழுத்துகள் பொறித்தார்கள். விடுதலைக்குப் பிறகு அவற்றைக் கொத்தி அழித்த வடு இன்னும் இருக்கிறது.

தோடம்பழத்தை உரித்துப் பாதி கொடுத்தேன். மகள் இன்னொரு கதை சொன்னாள், இது புதிய கதை. அந்த நாட்டில் ‘ஹோஜு’ என்றொரு முறை இருந்ததாம். குடும்பத்துக்குத் தலைவன் ஆண்தான். தகப்பன் இறந்தால் தாயையும் தாண்டி மகன், அவன் தவழும் பிள்ளையாக இருந்தாலும், தலைவனாகப் பதியப்படுவான். பெண்கள் பல வருடம் போராடினார்கள். 2005 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைப் பிழையென்று தீர்த்தது. 2008 தை முதலாம் திகதியோடு அந்த முறை ஒழிந்தது. அதற்குப் பிறகும் செத்தவருக்குச் சடங்கு செய்யும் உரிமை மூத்த மகனுக்கே இருந்தது. ஒரு தகப்பன் இறந்தார். மனைவிக்குப் பிறந்தவை இரண்டு பெண்பிள்ளைகள். வேறொரு பெண்ணிடம் ஒரு மகன். மகன் இருக்கிறான் என்று அந்தப் பக்கம் அஸ்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தாயும் பெண்பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். 2023 மே மாதம் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பிள்ளைகளுக்குள் உடன்பாடு வராவிட்டால், ஆணோ பெண்ணோ, வயதில் மூத்த பிள்ளைக்கே அந்த உரிமை.

“இதை வாசிச்ச அண்டைக்கு எனக்குப் படிக்கேலாமல் போச்சு அம்மா” என்றாள்.

நான் அந்த வெண்பாறை முதுகில் கையை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. கையை எடுக்க உள்ளங்கையில் மணல் ஒட்டியிருந்தது.

“எனக்கு நீங்கள் மூண்டுபேரும்தான் வைக்கவேணும்” என்றேன். “பெறாமக்களைத் தேடவேண்டாம். சுடலைக்கும் நீங்களே வரவேணும்.”

“பெரியவை விடமாட்டினம்.”

“பெரியவையிலை இப்ப நான்தான் பெரியாள். எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவன்.”

எங்கள் நாட்டில் இதற்கு நீதிமன்றம் போகவேண்டியதில்லை. இது வழக்கந்தான், எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஆனபடியால் வாயால் சொன்னது காணாது என்று இங்கேயும் எழுதுகிறேன், என் உறவினர்களில் இந்தச் சஞ்சிகையைப் படிக்கிறவர்கள் உண்டு.

இறங்கும்போது மலையின் வடபக்கத்தில் கருகிய பைன் மரங்களைக் கண்டோம். 2023 ஏப்ரல் 2 ஆம் திகதி பிடித்த தீ. மரங்களுக்கு நடுவே பாறைகள் புகை படிந்து நின்றன; அடியில் புல் பச்சையாக வந்திருந்தது. தெருவுக்கு வந்ததும் மகள் என்னை ஒரு புத்தகக்கடைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிச் சுவரும் தேநீர் மேசைகளுமான அழகான இடம். முன்பு அது காவலரண். 1968 தை மாதத்தில் வடகொரியாவிலிருந்து 31 பேர் ஜனாதிபதி மாளிகையைத் தாக்க வந்த பிறகு இந்த மலையை மூடிவிட்டார்கள். 1993 வரை சனம் ஏறமுடியாது. எங்கும் காவலரண்கள். அவற்றில் ஒன்றை 2020 இல் புத்தகக்கடையாக மாற்றியிருக்கிறார்கள். பழைய சுவரில் ஒரு பகுதியை அப்படியே விட்டிருந்தார்கள். சென்றி பொயின்ற்றைக் கண்டால் அடையாள அட்டையைத் தேடும் கை எனக்கு. அதற்குள் இருந்து தேநீர் குடிக்கச் சிறிது நேரம் எடுத்தது.

அங்கிருந்தே கனடாவில் இருக்கும் இரண்டாவது மகளையும் வவுனியாவில் இருக்கும் மூத்தவளையும் வாட்ஸ்அப்பில் ஒன்றாக அழைத்தாள். மலையில் நான் சொன்னதைச் சொன்னாள்.

மூத்தவள் பதறிப்போனாள். “அம்மாவுக்கு என்ன? டொக்டர் ஏதும் சொன்னவரோ?”

“ஒண்டுமில்லை. மலை ஏறிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கிறன்” என்றேன்.

பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வந்ததும், “அப்ப மூத்த பிள்ளை நான்தானே, நான்தான் வைப்பன்” என்றாள். “கதையை எடுத்தது நான்” என்று இவள் விடவில்லை. கனடாவில் நடுச்சாமம் தாண்டியிருந்தது. நித்திரைத் தூக்கத்தில் இருந்த நடுவிலாள், தனக்கு விமானச் சீட்டு எடுக்க இரண்டு நாளாவது வேணும், அதுவரைக்கும் ஒருத்தரும் ஒன்றும் செய்யக்கூடாது என்றாள். மூன்றுபேரும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நான் தேநீரை ஆறவிடாமல் குடித்தேன்.